குரல் வந்து சேர்கிறது, திசை வந்து சேர்கிறதா? பேச்சொலியைச் சுருக்கும் நரம்பணு வலையமைப்புகள்

கைத்தொலைபேசியும் ஹெட்போனும் விற்கும் கடைகளில் 'ஸ்பேஷியல் ஆடியோ' என்ற சொல் சாதாரணமாகிவிட்டது. இசையிலும் திரைப்படத்திலும் அது பழகிய ஒன்று: ஒலிக்கூடத்தில் முன்கூட்டியே அமைத்த ஒலிகள், கேட்பவரைச் சுற்றிப் பல திசைகளிலிருந்து வருவதுபோல் ஒலிக்கின்றன. புதிதாக வந்திருப்பது, நேரடித் தொலைபேசி உரையாடலையே அப்படிக் கேட்கச் செய்யும் முயற்சி. 2024 ஜூன் மாதம் நோக்கியா நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி பெக்கா லுண்ட்மார்க், ஐவாஸ் எனப்படும் புதிய கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறையை) கொண்டு, கைத்தொலைபேசிக் கட்டமைப்பின் வழியாகவே அத்தகைய அழைப்பு ஒன்றைச் செய்து காட்டினார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இன்னொரு செய்தியும் வந்துகொண்டிருக்கிறது. 2021இல் கூகல் வெளியிட்ட லைரா என்ற கோடெக், தரவிலிருந்து தானே கற்கும் நரம்பணு வலையமைப்பைக் கொண்டு மனிதப் பேச்சை நொடிக்கு 3 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியும் புரியும்படி, ஓரளவு இயல்பாகவும் திரும்பத் தந்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், இனி மிகக் குறைந்த தரவிலேயே சுற்றொலியுடன் பேசலாம் என்று எண்ணிக்கொள்வார். ஆனால் இந்த இரண்டு தொழில்நுட்பங்களும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. நரம்பணு வலையமைப்பு எதைக் கைவிட்டுத் தரவை மிச்சப்படுத்துகிறதோ, ஏறத்தாழ அதிலேயேதான் ஒலியின் திசை அடங்கியிருக்கிறது.

ஒலியின் இடத்தைக் காது எப்படி அறிகிறது

வலப்பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் அவருடைய குரல் முதலில் வலக்காதையும் சற்றுப் பின்னர் இடக்காதையும் அடைகிறது. முழுக்கப் பக்கவாட்டில் இருக்கும் ஒலிக்கு இந்த இடைவெளி ஏறத்தாழ 0.65 மில்லிநொடி, ஒலிக்கு இதைவிட அதிக இடைவெளி தரும் அளவுக்கு மனிதத் தலை பெரிதன்று. பழகிய காது இதிலும் மிகச் சிறிய, ஏறத்தாழ 10 மைக்ரோநொடி வேறுபாட்டைக்கூட உணர்ந்துவிடும். இது முதல் குறிப்பு.

இரண்டாவது குறிப்பு, அளவின் வேறுபாடு. உச்ச அலைவெண் ஒலிகளைத் தலை மறைப்பதால் தொலைவில் உள்ள காதுக்கு அவை மெலிந்தே சேர்கின்றன. தாழ்ந்த அலைவெண்களில் நேர வேறுபாடும் உயர்ந்த அலைவெண்களில் அளவு வேறுபாடும் திசையைக் காட்டுகின்றன என்ற விளக்கத்தை இயற்பியலாளர் ரேலி 1907இல் முன்வைத்தார். இரண்டுக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸில் விழுகிறது. மேலா கீழா, முன்னா பின்னா என்பதற்குக் காதுமடலின் மடிப்புகள் செய்யும் சிறு மாற்றங்களும், தொலைவுக்கு அறையின் எதிரொலியும் துணைசெய்கின்றன.

நேர வேறுபாடு, அளவு வேறுபாடு ஆகிய இரண்டுமே இரு காதுகளுக்கும் வந்த ஒலிகளுக்கு *இடையில்* உள்ளவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றைச் சேனலை எத்தனை முறை அலசினாலும் அவை அதில் கிடைக்கமாட்டா.

இதன் பயன் அழகுக்கானது மட்டுமன்று. பலர் பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆற்றலைக் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953இல் சோதித்து எழுதினார். குரல்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வரும்போது அந்த ஆற்றல் கூடுகிறது. தமிழ் அமைப்பு ஒன்றின் செயற்குழுக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். சமூக மன்ற அறையில் ஆறு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் ஜூரோங்கில் வேலையில் இருக்கும் பொருளாளரும் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளரும் இணையவழி சேர்கிறார்கள். மேசை நடுவில் ஒரு மைக். அறைக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் ஒரு தொந்தரவும் இல்லை. வெளியிலிருப்பவர்களுக்கோ ஆறு குரல்களும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன; யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் குறிப்பில் எழுத வேண்டும்.

பிட் கணக்கு

சுருக்கத்தின் தேவை சேனல்களின் எண்ணிக்கையோடு வளர்கிறது. ஒலியை எண்ணாக்கும்போது நொடிக்குப் பல்லாயிரம் முறை அதன் அளவைக் குறிக்கிறோம். ஒவ்வொரு குறிப்பும் ஒரு மாதிரி. சுருக்கமே செய்யாத நிலையில்:

1. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் எனில் ஒரு சேனலுக்கு 768 கிலோபிட்.
2. இரு காதுக்கான பைனாரல் ஒலிக்கு அதன் இருமடங்கு, 1,536 கிலோபிட்.
3. ஆம்பிசோனிக்ஸ் என்ற முறை, ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஒலிப்புலம் முழுவதையும் பதிவுசெய்கிறது. 1970களில் மைக்கேல் கெர்சன் அதற்கு அடித்தளமிட்டார். அதன் முதல் படிக்கு 4 சேனல்கள், அதாவது 3,072 கிலோபிட். மூன்றாம் படிக்கு 16 சேனல்கள், 12,288 கிலோபிட்.

ஒப்பிட்டுப் பார்க்க, பழைய கம்பித் தொலைபேசியின் ஜி.711 முறைக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். அதில் திசைக்கு இடமே இல்லை.

முந்தைய தலைமுறையின் தீர்வு

இரண்டு சேனல்களையும் தனித்தனியே அனுப்பாமல், இரண்டையும் கலந்து ஒரே சேனலாக்கி, அதனுடன் ஒவ்வோர் அலைவெண் பட்டைக்கும் அளவு வேறுபாடு, கட்ட வேறுபாடு (அலையின் ஏற்ற இறக்கம் விழும் நேரத்தின் வேறுபாடு), இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை ஆகியவற்றைச் சிறு குறிப்பாக அனுப்பும் முறை 2000களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பெறும் கருவி, கலந்த ஒலியை அந்தக் குறிப்பின்படி பிரித்துப் பரப்புகிறது. திசைக்குறிப்புகள் சில கிலோபிட்டில் அடங்கிவிடும். இன்று நரம்பணு முறைகள் செய்வதில் பெரும்பகுதி, புதிய கருவியைக் கொண்டு இதே எண்ணத்தைச் செயற்படுத்துவதே. இதைச் சொல்லாமல் விடும் விளம்பரங்கள் அதிகம்.

செய்தியில் வந்த ஐவாஸும் பெருமளவு இந்த மரபைச் சேர்ந்ததே. அதன் மையத்தில் இருப்பது நரம்பணு வலையமைப்பு அன்று. கைத்தொலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 18ஆம் வெளியீட்டில் அது இடம்பெற்றது. முன்னிருந்த இவிஎஸ் கோடெக்கின் மேல் கட்டப்பட்டதால், மறுமுனையில் பழைய கருவி இருந்தாலும் அழைப்பு அறுந்துபோகாமல் ஒற்றைச் சேனலில் தொடரும். நொடிக்கு 13.2 முதல் 512 கிலோபிட் வரை இயங்கும். ஸ்டீரியோ, ஆம்பிசோனிக்ஸ், தனித்தனிக் குரல்கள் எனப் பல வடிவங்களை ஏற்கும்.

நரம்பணு கோடெக் என்ன செய்கிறது

நரம்பணு கோடெக்கில் மூன்று பகுதிகள் உண்டு. சுருக்கும் வலையமைப்பு, ஒலியலையை வாங்கி, சில நூறு மாதிரிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் எண்களின் வரிசைகளாக மாற்றுகிறது. நடுவில் ஒரு குறியீட்டு நூல்; ஒவ்வொரு வரிசைக்கும் மிக நெருங்கிய பதிவை அதில் தேடி, அதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்புகிறோம். மறுமுனையில் விரிக்கும் வலையமைப்பு, அந்த எண்களிலிருந்து ஒலியலையைப் புதிதாக உருவாக்குகிறது. மூன்றும் ஒன்றாகவே பயிற்சி பெறுகின்றன.

கூகலின் சவுண்ட்ஸ்ட்ரீம் (2021), மெட்டாவின் என்கோடெக் (2022) ஆகியவற்றின் திறவுகோல், குறியீட்டு நூலைப் பல படிகளாக அடுக்கியது. கடையில் 87 வெள்ளி 65 காசைச் செலுத்துபவர் முதலில் பெரிய நோட்டை வைத்து, மிச்சத்துக்குச் சிறிய நோட்டு, அதன் மிச்சத்துக்குச் சில்லறை என்று இறங்குவதைப் போல, முதல் நூல் ஒலியைத் தோராயமாகக் குறிக்கிறது. அதில் விடுபட்டதை இரண்டாவது நூல் குறிக்கிறது. அதிலும் விடுபட்டதை மூன்றாவது. இதன் கணக்கு தெளிவானது:

1. என்கோடெக், நொடிக்கு 24,000 மாதிரிகள் கொண்ட ஒலியை 320 மாதிரிகளுக்கு ஒரு சட்டகமாக வெட்டுகிறது. நொடிக்கு 75 சட்டகங்கள்.
2. ஒவ்வொரு நூலிலும் 1,024 பதிவுகள். ஒரு பதிவைச் சுட்ட 10 பிட் வேண்டும்.
3. 8 நூல்கள் எனில் சட்டகத்துக்கு 80 பிட். நொடிக்கு 6,000 பிட், அதாவது 6 கிலோபிட்.
4. சுருக்காத ஒலி 384 கிலோபிட். ஆகவே 64இல் ஒரு பங்கு.

நினைவகத்தில் மொத்தம் 8,192 பதிவுகளே உள்ளன; ஆனால் அவற்றைச் சேர்த்துக் குறிக்கக்கூடிய சேர்க்கைகள் 2இன் 80ஆம் அடுக்கு. பிட் குறைய வேண்டுமா, கடைசி நூல்களை விட்டுவிடலாம்; வேறு கோடெக்குக்கு மாறத் தேவையில்லை. அண்மை ஆண்டுகளின் நேர்த்தியான பொறியியல் எண்ணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் சிக்கல் பயிற்சியில்தான் இருக்கிறது. விரிக்கும் வலையமைப்பு சரியாகச் செய்ததா என்பதை எப்படி அளக்கிறார்கள்? மூல அலையையும் உருவான அலையையும் மாதிரிக்கு மாதிரி ஒப்பிடுவது மட்டும் போதுமானதாக இல்லை. அப்படிச் செய்தால் குறைந்த பிட்டில் ஒலி மங்கிக் கரகரக்கிறது. ஆகவே இரண்டு அளவுகோல்கள் முதன்மை பெறுகின்றன. ஒன்று, எந்த நேரத்தில் எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற வரைபடங்களின் ஒப்பீடு. மற்றொன்று, இது உண்மைப் பேச்சா, இயந்திரம் உருவாக்கியதா என்று தீர்ப்புச் சொல்லப் பயிற்சி பெற்ற இன்னொரு வலையமைப்பு. முதலாவது, அலையின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த நொடிப்பகுதியில் விழுகிறது என்பதை, பொருட்படுத்துவதே இல்லை. இரண்டாவது, ஒலி இயல்பாக இருக்கிறதா என்று பார்க்குமேயன்றி மூலத்தோடு ஒன்றுகிறதா என்று பார்க்காது.

ஒற்றைச் சேனல் பேச்சுக்கு இந்த விட்டுக்கொடுத்தல் மிகச் சரியானது. கட்டத்தில் ஏற்படும் சிறு பிழை ஒரு காதுக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றுக்குப் பிட்டைச் செலவிடுவானேன்.

திசை தொலையும் இடம்

இப்போது இரண்டு சேனல்களைத் தனித்தனியே இத்தகைய கோடெக்கின் வழி அனுப்புவோம். 500 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 2 மில்லிநொடி. இடச்சேனலுக்கும் வலச்சேனலுக்கும் இடையே 30 பாகை அளவுக்குக் கட்டப்பிழை ஏற்பட்டால், அது ஒரு சுற்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு. நேரத்தில் 167 மைக்ரோநொடி. தனித்துக் கேட்டால் எந்தச் சேனலிலும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் 0.65 மில்லிநொடியில் முழுப் பக்கவாட்டையும் அளக்கும் காதுக்கு, 167 மைக்ரோநொடி என்பது பேசுபவரை ஏறத்தாழ 15 முதல் 20 பாகை நகர்த்திவைக்கப் போதுமானது. கூட்ட மேசையில் அது பக்கத்து நாற்காலி.

நகர்வு நிலையாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பிழை சட்டகத்துக்குச் சட்டகம், அலைவெண்ணுக்கு அலைவெண் மாறுகிறது. ஆகவே குரல் ஓரிடத்தில் நிற்காமல் விரிந்து, மங்கி, சில சமயம் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

நொடிக்கு 24,000 மாதிரிகள் எனில் இரு மாதிரிகளுக்கு இடையே 41.7 மைக்ரோநொடி இருக்கிறதே, 10 மைக்ரோநொடி வேறுபாட்டை அது எப்படித் தாங்கும் என்ற ஐயம் இங்கே பலருக்கு எழும். முறையாக மாதிரியெடுத்த ஒலியில், மாதிரி இடைவெளியைவிடச் சிறிய காலத்தாழ்வும் மாதிரிகளின் அளவுகளுக்குள் பதிந்தே இருக்கிறது. எண்ணாக்கத்தின்மேல் குற்றமில்லை, திசை தொலைவது சுருக்கத்தில்தான்.

கையாளப்படும் வழிகள்

1. *இணைத்துச் சுருக்குதல்.* இரண்டு சேனல்களையும் ஒரே வலையமைப்புக்கு ஒன்றாகக் கொடுப்பது. என்கோடெக்கின் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வடிவம் இவ்வகை. சேனல்களுக்கிடையே பொதுவாக உள்ளதை வலையமைப்பே கண்டுகொள்ளும் என்பது நம்பிக்கை. பயிற்சியின் அளவுகோலில் சேனல்களுக்கிடையிலான வேறுபாட்டையும் சேர்த்தால்தான் அந்த நம்பிக்கை பலிக்கும். கேட்காததை எந்த வலையமைப்பும் தானாகக் காப்பாற்றித் தராது. சேனல்கள் 8, 16 என்று பெருகும்போது இந்த வழி கனத்துவிடுகிறது.

2. *ஓசை தனி, இடம் தனி.* பல மைக்குகள் பதிவுசெய்த ஒலியில் ஒன்றை ஆதாரச் சேனலாக வைத்து, அதை நல்ல பேச்சுக் கோடெக்கில் சுருக்குவது. மற்ற சேனல்கள் அந்த ஆதாரத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை மட்டும் இன்னொரு வலையமைப்பிடம் விடுவது. 2023இல் வெளியான ஸ்பேஷியல்கோடெக் என்ற ஆய்வு இந்த வழியில் சென்று, அதிகப் பிட் செலவிடும் ஒப்பீட்டு முறைகளைவிடத் திசையை நன்றாகக் காத்தது. இதன் அடிப்படை எளிது. பேச்சு, நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலியன்களாக விரைந்து மாறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நகர்வதில்லை, அறைச் சுவர்களும் நகர்வதில்லை. மெதுவாக மாறுவதை அடிக்கடி அனுப்பத் தேவையில்லை. இப்போதுள்ள வழிகளில் கூட்டங்களுக்கு மிகப் பொருத்தமானது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

3. *குரல்களைப் பிரித்து அனுப்புதல்.* பேசுபவர் ஒவ்வொருவருடைய குரலையும் தனியே பிரித்து, ஒற்றைச் சேனலாகச் சுருக்கி, அவர் இருக்கும் திசையை எண்ணாகச் சேர்த்து அனுப்புவது. பெறும் கருவி, அந்தந்தத் திசைக்கு ஒரு மனிதத் தலையும் காதும் ஒலியை எப்படி மாற்றுமோ அப்படி மாற்றி ஹெட்போனுக்குத் தருகிறது. கேட்பவர் தலையைத் திருப்பினாலும் குரல்கள் அசையாமல் நிற்கச் செய்யலாம். ஐவாஸ் இவ்வாறு 4 குரல்கள் வரை ஏற்கிறது. ஆளுக்கொரு மைக் இருந்தால் இது எளிது. மேசை நடுவில் ஒரே கருவி இருந்து, இருவர் ஒன்றாகப் பேசினால், பிரிக்கும் வலையமைப்பு தடுமாறுகிறது. ஒருவர் பேச்சின் வால் இன்னொருவர் இருக்கையிலிருந்து கேட்கிறது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான பலவீனம் பயிற்சித் தரவு. பல மைக்குகளைக் கொண்டு பலவகை அறைகளில் பதிவுசெய்த பேச்சு குறைவாகவே கிடைக்கிறது. ஆகவே ஒற்றைச் சேனல் பேச்சை எடுத்து, கணினியில் செவ்வக அறை ஒன்றை வரைந்து, சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளைக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள்; இந்தக் கணக்கு முறை 1979 முதல் புழக்கத்தில் உள்ளது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறை அப்படிப்பட்ட வெற்றுச் செவ்வகம் அன்று. கான்கிரீட் சுவர், ஓடு பதித்த தரை, ஒருபக்கம் சமையலறைக்குத் திறந்த வழி, மறுபக்கம் பொது நடைபாதையை நோக்கிய சன்னல், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி. ஆய்வுக்கட்டுரையின் எண்கள் இங்கே அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாகாது.

மதிப்பீட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. தொலைபேசி ஒலித்தரத்துக்குப் பரவலாகப் பயன்படும் தானியங்கி அளவுகோல்கள் ஒற்றைச் சேனலுக்காக எழுதப்பட்டவை. முற்றிலும் தவறான திசையில் ஒலிக்கும் தெளிவான குரலுக்கு அவை முழு மதிப்பெண் தந்துவிடும்.

பிட்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது எதற்கு

2017 ஏப்ரலில் 2ஜி சேவையை நிறுத்திவிட்டு, இன்று வீட்டுக்கு வீடு கண்ணாடியிழையும் தெருவெங்கும் 5ஜியும் உள்ள சிங்கப்பூரில், 6 கிலோபிட்டுக்கும் 60 கிலோபிட்டுக்கும் உள்ள வேறுபாட்டை யார் பொருட்படுத்துவார்? கேள்வி நியாயமானது. அதிலும், விளம்பரங்களில் சொல்லப்படாத கணக்கு ஒன்று உண்டு. இணையவழி அழைப்பில் பேச்சு, வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகச் செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரி முதலிய தலைப்புத் தகவல்கள் 40 பைட். நொடிக்கு 50 பொட்டலங்கள் எனில் தலைப்புக்கு மட்டுமே 16 கிலோபிட். உள்ளே இருக்கும் பேச்சு 3 கிலோபிட் எனில், கடிதத்தைவிட உறை ஐந்து மடங்கு கனம். தலைப்பையும் சுருக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், 6இலிருந்து 3க்கு இறங்குவது பயனருக்குப் பெரிய மிச்சம் எதையும் தராது.

அப்படியானால் பயன் எங்கே?

ஒன்று, மறுமுனை சிங்கப்பூரில் இருக்க வேண்டும் என்பதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரிலோ ஜொகூர் கடற்பாலத்து நெரிசலிலோ இருப்பவருடைய இணைப்பே அழைப்பின் தரத்தை முடிவுசெய்கிறது. இரண்டு, மிச்சமான பிட்டைக் காப்புக்குப் பயன்படுத்தலாம்: இணையவழி அழைப்புகளில் பரவலாகப் பயன்படும் ஓப்பஸ் கோடெக்கின் 2024 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பு, முன்பு சென்ற பேச்சின் நரம்பணுச் சுருக்கத்தை ஒரு நொடி வரைக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் சேர்த்து அனுப்ப வழிசெய்கிறது. மின்தூக்கிக்குள் நுழைந்ததும் சில பொட்டலங்கள் தொலைந்தால், அடுத்து வரும் பொட்டலமே விட்டதை நிரப்பிவிடும். உள்ளூரில் உண்மையில் பயன்படப்போவது இதுதான். மூன்று, பேச்சைப் புரிந்துகொள்ளும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் இன்று இந்தக் கோடெக்குகளின் வரிசை எண்களையே எழுத்துகளைப்போல் படிக்கின்றன. அங்கே சுருக்கம் என்பது கணிப்புச் செலவைக் குறைக்கும் வழி. யார் எங்கிருந்து பேசினார் என்ற தகவலும் அந்த எண்களில் இருந்தால், கூட்டக் குறிப்பெடுக்கும் மென்பொருள் பேசுபவர்களை எளிதாகப் பிரித்தறியும்.

காலத்தாழ்வு இன்னொரு பக்கம். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் நெடுநாள் வழிகாட்டல். கைத்தொலைபேசிச் செயலியில் வலையமைப்பை ஓட்ட ஆகும் நேரமும் மின்கல இழப்பும் அதற்குள் அடங்க வேண்டும். சேனல் கூடக் கூட இது இறுகும்.

உருவாக்கப்பட்ட பேச்சும் தமிழ் ஒலிகளும்

நரம்பணு கோடெக்கின் மறுமுனையில் நாம் கேட்பது, அனுப்பியவருடைய குரலின் நகல் என்பதைவிட, சில குறிப்புகளை வைத்து மீண்டும் உருவாக்கிய குரல் என்பதே பொருந்தும். பிட் குறையக் குறைய, குறிப்பில் இல்லாததை வலையமைப்பு தான் பயின்ற பேச்சிலிருந்து நிரப்புகிறது. பழைய கோடெக் தவறினால் இரைச்சல் கேட்கும். கேட்பவர் 'சரியாகக் கேட்கவில்லை' என்பார். நரம்பணு கோடெக் தவறும்போது தெளிவான, ஆனால் வேறான ஒலி கேட்கக்கூடும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

பயின்ற பேச்சு எது என்பது இங்கே முக்கியமாகிறது. சவுண்ட்ஸ்ட்ரீமின் பேச்சுப் பயிற்சிக்கு எடுத்தது ஆங்கில ஒலிநூல்களின் தொகுப்பு. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் பிரித்துக் காட்டுவது குரல்வழியின் மேல் ஒத்ததிர்வுகளில், குறிப்பாக மூன்றாவதில், சிறிது நேரமே நிகழும் இறக்கம். நாமடி ஒலிகளின் இந்த நுட்பமும் ணகர னகர வேறுபாடும், முதல் ஓரிரு குறியீட்டு நூல்களின் தோராயத்தில் அடங்காமல் போக வாய்ப்புள்ளவை. மிகக் குறைந்த பிட்டில் முதலில் கரைபவை இவையாக இருக்கக்கூடும். பேசுபவரே ழகரத்தை ளகரமாகச் சொல்லிவிட்டால் கோடெக்கைக் குறை சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். நடுவில் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஓடும் சிங்கப்பூர்ப் பேச்சில் சோதித்துப் பார்க்காமல், 'எந்த மொழிக்கும் ஏற்றது' என்ற கூற்றை ஏற்பதற்கில்லை.

நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் உரையாற்ற இடமளித்து, உடனடி மொழிபெயர்ப்பையும் தரும் நாடாளுமன்றம் உள்ள நாட்டில், தொலைவிலிருந்து மொழிபெயர்ப்பவரின் காதுக்கு எத்தகைய ஒலி செல்கிறது என்பது சிறு கேள்வியன்று. பேசுபவரின் குரலும் அவையின் சலசலப்பும் வெவ்வேறு திசைகளில் கேட்டால் அவருடைய வேலை எளிதாகும்; மாறாக, அளவுக்கு மீறிச் சுருக்கிய ஒலி ஒரு மெய்யெழுத்தை மாற்றிவிட்டால் அந்தத் தவறு மொழிபெயர்ப்பாளர் பெயரில் விழும். சான்றாகப் பயன்படக்கூடிய பதிவுகளுக்கு, சுருக்குவதற்கு முந்தைய மூலத்தை வைத்துக்கொள்வது நல்லது.

தனியுரிமையையும் இங்கேயே சொல்லிவிடலாம். திசையோடு வரும் ஒலி, அறையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து முணுமுணுக்கிறார்கள் என்பதையும் கொண்டுவருகிறது. ஒற்றைச் சேனல் அழைப்பில் அமுங்கிப்போகும் பின்புறக் குரல், இதில் தனித்துக் கேட்கும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதிக்கும் ஒப்புதல் கடப்பாடு, அழைப்பில் இல்லாமல் அறையில் மட்டும் இருப்பவரையும் நினைவில் கொள்ளச் செய்கிறது.

கோடெக்குக்கு முன்னும் பின்னும்

கோடெக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், திசை அதற்கு முன்பே தொலைந்துவிடலாம். மடிக்கணினியின் இரண்டு, மூன்று மைக்குகள் பெரும்பாலும் இரைச்சலைக் குறைப்பதற்காகவே உள்ளன. அவற்றின் ஒலியைச் சேர்த்து ஒரே சேனலாக்கித்தான் செயலிக்குத் தருகின்றன. கூட்டச் செயலியின் வழங்கியும் பலருடைய குரல்களைக் கலந்து ஒன்றாக்கக்கூடும்.

பெறும் பக்கத்தில் பலரும் அறியாத முட்டுக்கட்டை, புளூடூத். இசை கேட்கும்போது ஹெட்போன் இரு சேனல்களையும் பெறுகிறது. அழைப்புக்காக அதே ஹெட்போனின் மைக் திறந்ததும், வழக்கமான புளூடூத் வேறொரு முறைக்கு மாறி, ஒற்றைச் சேனலாகவும் குறைந்த தரத்திலும் ஒலியைத் தருகிறது. பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர் அழைப்பை ஏற்றதும் ஒலி திடீரென்று தட்டையாவது இதனால்தான். எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறையும் அதன் எல்சி3 கோடெக்கும் மைக் திறந்திருக்கும்போதே இரு சேனல்களைத் தர வல்லவை. ஆனால் கைத்தொலைபேசி, ஹெட்போன் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். 'ஸ்பேஷியல்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இதற்கு உறுதியாகாது. எல்இ ஆடியோ என்று விவரக்குறிப்பில் இருக்கிறதா என்பதைத்தான் வாங்குமுன் பார்க்க வேண்டும். கம்பிவழி ஹெட்செட்டில் இந்தச் சிக்கலே கிடையாது, விலையும் குறைவு.